பழைய சாம்பல் ஃபெர்கூசனை மீண்டும் வேலைக்குக் கொண்டுவருவது எப்படி: நேட்டால் வடகடற்கரைத் தோட்டக்காரர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கடற்கரையில், டோங்காட், வெருலம், ஸ்டேங்கர் பக்கத்துத் தோட்டங்களில், கொட்டகையின் கோடியில் கோணிச்சாக்கும் கோழி எச்சமும் படிந்து நிற்கும் பழைய டிராக்டர்களுள் சாம்பல் நிற ஃபெர்கூசனை அடிக்கடி காணலாம். ஆஃப்ரிக்கான்ஸ் பேசும் விவசாயிகள் அதன் மங்கிய நிறத்தைப் பார்த்து ஃபால்யாப்பி என்று செல்லப்பெயர் வைத்தார்கள். இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் பேனர் லேன் தொழிற்சாலையில் 1946 முதல் 1956 வரை ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி இந்த டி.இ.20 வகையை ஐந்து லட்சத்துக்கும் மேலாகச் செய்து தள்ளியது. அவ்வளவு வண்டிகள் உலகெங்கும் பரவியிருப்பதால் பிஸ்டன், லைனர், கேஸ்கட், பிரேக் ஷூ முதலிய உதிரிகள் இன்றும் புதிதாகவே கிடைக்கின்றன. பழைய தோட்ட டிராக்டர் ஒன்றைச் சீர்செய்ய விரும்பும் புதியவர், அழகான ஆனால் உதிரி கிடைக்காத அமெரிக்கச் சிறு டிராக்டரைத் தேடி அலைவதைவிட இதில் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. மதும்பி எனும் சேப்பங்கிழங்கும் கொத்தமல்லியும் பீன்சும் போடும் நான்கைந்து ஏக்கருக்கு இந்த வண்டி தாராளமாகப் போதும்.

இந்தக் கட்டுரையில் நான் வலியுறுத்துவது வேலையின் வரிசையை. பெரும்பாலோர் முதலில் பெயின்ட் டப்பா வாங்குகிறார்கள். தகரம் பளபளத்த பிறகு இன்ஜினைத் திறக்க நேர்ந்து, புதுப் பெயின்டின் மேல் எண்ணெயைக் கொட்டுகிறார்கள். இன்ஜின் சுற்றுகிறதா, வண்டி நிற்கிறதா, பின்கைகள் தூக்குகின்றனவா என்ற மூன்றும் தேறும்வரை பெயின்டை நினைக்கவே வேண்டாம். பருவமும் முக்கியம். நம் பக்கத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை குறைந்த குளிர்காலம். பிரித்த பாகங்கள் ஈரத்தில் துருவேறாமல் இருக்க அந்த மூன்று மாதங்களே உகந்தவை.

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

ஸ்டியரிங்குக்கு எதிரே, மீட்டர்கள் உள்ள பலகையில் எண் தகடு இருக்கும். எண்ணுக்கு முன்னுள்ள எழுத்துகள் வண்டியின் குலம் சொல்லும். டி.இ. என்று மட்டும் இருந்தால் ஆரம்பகாலத்துக் கான்டினென்டல் இன்ஜின், டி.இ.ஏ. என்றால் ஸ்டாண்டர்டு பெட்ரோல் இன்ஜின், டி.இ.டி. என்றால் பெட்ரோலில் கிளப்பிச் சூடேறியபின் டிராக்டர் எண்ணெய் என்ற மண்ணெண்ணெய் போன்ற எரிபொருளுக்கு மாற்றி ஓட்டுவது, டி.இ.எஃப். என்றால் டீசல். முதன்முறை செய்பவருக்கு டி.இ.ஏ. வகையே பொருத்தம். டீசல் வகையின் பம்பும் இன்ஜெக்டரும் தனிப் பட்டறைக்குப் போக வேண்டியவை. செலவு அங்கேயே முடிந்துவிடும்.

இன்ஜின் இறுகிக் கிடப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். அது பெரும்பாலும் விடுபடும். நான் பயப்படுவது வேறு மூன்றைக் கண்டுதான். முதலாவது, இன்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் விரிசல்: கடலோரத்தில் உறைபனி இல்லை, ஆனால் மலைப்பக்கத்திலிருந்து வந்த வண்டி ரேடியேட்டரில் வெறும் தண்ணீரோடு குளிர்காலத்தில் நின்றிருக்கலாம். இரண்டாவது, பின்சக்கர ரிம் அரிப்பு: எடைக்காக டயருக்குள் கால்சியம் குளோரைடு கலந்த நீரை நிரப்பியிருந்தால், வால்வைச் சுற்றி இரும்பு அப்பளமாக உதிரும். மூன்றாவது, கியர்ப்பெட்டியின் வார்ப்பிரும்பில் வெல்டிங் தழும்பு. இவற்றில் எதைக் கண்டாலும் விலை பாதியாக வேண்டும், அல்லது நீங்கள் திரும்பி வர வேண்டும்.

முதல் வாரம்

வண்டியை பக்கி எனும் சிறு சரக்கு வண்டியிலிருந்தோ டிரெய்லரிலிருந்தோ இறக்கியதும் எதையும் கழற்றாதீர்கள். சூடான சோப்புத் தண்ணீரும் கம்பித் தூரிகையும் கொண்டு மண்ணையும் கிரீஸையும் அகற்றுங்கள். டைனமோ, டிஸ்ட்ரிபியூட்டர், கார்பரேட்டர் மூன்றையும் பிளாஸ்டிக் பையால் கட்டிவிட்டே நீர் பாய்ச்சுங்கள். பிறகு நான்கு பக்கமும் நூறு படமாவது கைப்பேசியில் எடுங்கள். ஒவ்வொரு பாகத்தின் போல்ட்டையும் தனித்தனி ஊறுகாய் பாட்டிலில் போட்டு, மேலே பெயரெழுதி ஒட்டுங்கள். இந்த வண்டியின் நட்டுகள் அங்குல அளவினவை. மெட்ரிக் ஸ்பானர் கிட்டத்தட்டப் பொருந்துவதுபோல் ஏமாற்றி முனைகளை உருட்டிவிடும். அங்குல ஸ்பானர் தொகுதி ஒன்றை வாங்கிய பிறகே தொடங்குங்கள்.

இறுகிய இன்ஜினை விடுவித்தல்

நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் டீசலும் ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயும் சமமாகக் கலந்த கலவையை அரைக் கோப்பை ஊற்றி ஒரு வாரம் விட்டுவிடுங்கள். நாள்தோறும் முன்பக்கக் கிராங்க் கம்பியைப் போட்டு மெல்ல அழுத்திப் பாருங்கள்; கம்பியின்மேல் ஏறிக் குதிக்காதீர்கள். மயிரிழை அசைந்தாலும் அன்றைக்குப் போதும், மறுநாள் எதிர்த்திசையில் முயலுங்கள். சிலர் கியரில் போட்டு இன்னொரு டிராக்டரால் இழுப்பார்கள். ஒட்டிக்கொண்டிருப்பது வால்வாக இருந்தால் அந்த இழுப்பில் புஷ்ராடு வளையும். நூறு ரூபாய் வேலை ஆயிரமாகும் என்று என் பெரியப்பா சொல்வார். அவர் காலத்தில் ராண்டைக்கூட வீட்டில் ரூபாய் என்றே சொன்னார்கள்.

கிராங்க் கம்பியைப் பிடிக்கும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வையுங்கள். கீழிருந்து மேலாக இழுங்கள். மேலிருந்து கீழே அழுத்தாதீர்கள். இன்ஜின் திருப்பி உதைத்தால் மணிக்கட்டு முறியாமல் இருக்க இதுவே வழி.

இன்ஜின் தாராளமாகச் சுற்றத் தொடங்கியதும் அடியிலுள்ள எண்ணெயை ஒரு தட்டில் வடித்து, இரண்டு விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். நறநறவென்றால் மணல்; வெயிலில் பிடித்தால் மின்னினால் பேரிங் தேய்மானம்; பால் கலந்த தேநீர்போல் இருந்தால் நீர். மூன்றாவதைக் கண்டால் அடுத்த பகுதியைக் கவனமாகப் படியுங்கள்.

லைனர் விஷயத்தில் நான் செய்த பிழை

ஸ்டாண்டர்டு இன்ஜினில் பிஸ்டன் ஓடும் உருளைகள் பிளாக்கோடு வார்க்கப்பட்டவை அல்ல. தனி லைனர்களாகச் செருகப்பட்டு, அவற்றின் வெளிப்புறத்தைச் சுற்றி ரேடியேட்டர் நீரே ஓடுகிறது. ஒவ்வொரு ஜோடி லைனரின் அடியிலும் எட்டு என்ற எண்ணின் வடிவில் ஒரு மெல்லிய கேஸ்கட் இருக்கும். எண்ணெய்த் தொட்டிக்குள் நீர் இறங்காமல் தடுப்பது அது மட்டுமே. மேலே சிலிண்டர் ஹெட் இறுக்கிப் பிடித்திருக்கும்வரை லைனர் அசையாது. ஹெட்டைக் கழற்றிய பிறகு கிராங்கைச் சுற்றினால், மேலேறும் பிஸ்டன் லைனரையும் சேர்த்து மேலே தூக்கிவிடும். அடிக் கேஸ்கட்டின் பிடி விட்டுப்போகும்.

என் முதல் வண்டியில் வால்வு வேலைக்காக ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன் தலைகளைச் சுத்தம் செய்ய வசதியாக இருக்குமென்று கிராங்கை நாலைந்து முறை சுற்றினேன். எல்லாவற்றையும் பூட்டி, நீர் ஊற்றி, ஒரு மணிநேரம் ஓட்டி, பெருமையோடு எண்ணெய்க்கோலை எடுத்துப் பார்த்தால் நுனியில் வெண்ணெய் திரண்டிருந்தது. மறுபடி எல்லாவற்றையும் பிரித்து, நான்கு லைனர்களையும் வெளியே எடுத்துப் புதுக் கேஸ்கட் போட ஒன்றரை மாதம் ஆயிற்று. ஹெட் கழன்றிருக்கும் நேரம் முழுதும், பழைய குழாய்த்துண்டுகளை ஹெட் போல்ட்டுகளில் கோத்து, பெரிய வாஷர் வைத்து, லைனர்களின் விளிம்பை அழுத்திப் பிடிக்கும்படி நட்டு இறுக்கிவிடுங்கள். அதன்பிறகு எத்தனை முறை வேண்டுமானாலும் சுற்றலாம்.

ஹெட் கழன்றிருக்கும்போதே எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுகளையும் பார்த்துவிடுங்கள். தென்னாப்பிரிக்காவில் 2006 முதல் ஈயம் கலந்த பெட்ரோல் விற்கப்படுவதில்லை. அந்த ஈயம் பழைய வால்வு சீட்டுகளுக்கு ஒருவகை மெத்தையாக இருந்தது. இந்த இன்ஜின் மெதுவாகச் சுற்றுவதால் தேய்மானம் சடுதியில் வராது. எனவே அதற்காகவே ஹெட்டைத் திறக்க வேண்டாம். திறந்தபோது தேய்ந்திருந்தால் கடினமான சீட்டுகள் பதிக்கச் சொல்லுங்கள்.

பொறியும் பெட்ரோலும்

மின்சாரத்தைத் தொடுமுன் பேட்டரியின் எந்த முனை வண்டியின் உடலோடு இணைந்திருக்கிறது என்று பாருங்கள். ஸ்டாண்டர்டு இன்ஜின் வண்டிகளில் 12 வோல்ட் பேட்டரியின் நேர்முனை உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. இன்றைய காருக்கு நேர் எதிர். இடையில் வந்த யாரேனும் அதை மாற்றியிருக்கலாம், மாற்றாமலும் விட்டிருக்கலாம். பார்க்காமல் பேட்டரியை வைத்தால் டைனமோவின் கட்டுப்பாட்டுப் பெட்டி கருகும். துணி சுற்றிய பழைய வயர்கள் இருந்தால் ஒட்டுப்போடாமல் முழுவதையும் மாற்றிவிடுங்கள். மொத்தமே பத்துப் பன்னிரண்டு வயர்கள்தான்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பாயின்ட்டுகளை மெல்லிய அரத்தால் தேய்த்து, கையேட்டில் உள்ள இடைவெளிக்குச் சரிசெய்து, கண்டென்சரைப் புதிதாக மாற்றுங்கள். ரேடியேட்டர் பக்கமிருந்து எண்ணினால் பொறி வரும் வரிசை 1, 3, 4, 2. பிளக் வயர்களை மாற்றிப் போட்டுவிட்டு அரைநாள் கார்பரேட்டரோடு மல்லுக்கட்டுவோர் நிறைய. பொறி நீலமாக, சத்தத்தோடு வந்தால் அந்தப் பக்கம் முடிந்தது.

பெட்ரோல் டாங்கைக் கழற்றி, ஒரு கைப்பிடிச் சல்லியும் பாரஃபினும் (மண்ணெண்ணெய்) போட்டுக் குலுக்கினால் உள்துரு உதிரும். குழாய்த் திருகில் முதன்மை, சேமிப்பு என இரண்டு நிலைகள் உண்டு. சேமிப்பு நிலையில் அடிமண்டி நேராக இறங்குவதால் அதிலுள்ள சல்லடையைப் புதிதாகப் போடுங்கள். ஜெனித் கார்பரேட்டரைப் பிரித்து ஜெட்டுகளைக் காற்றால் மட்டும் ஊதுங்கள். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகி, இன்ஜின் எந்நாளும் பெட்ரோல் நாறும்.

இந்த வண்டிக்கு ஸ்டார்ட்டர் பொத்தான் கிடையாது. கியர்க்கம்பியை எஸ் என்ற நிலைக்குத் தள்ளினால்தான் ஸ்டார்ட்டர் வேலை செய்யும். ஆகவே கியரில் இருக்கும்போது ஸ்டார்ட்டரால் இன்ஜினைக் கிளப்பவே முடியாது. பல வண்டிகளில் அந்தச் சுவிட்சு பழுதாகி, யாரோ ஒரு பொத்தானை வைத்து நேர்வழி போட்டிருப்பார்கள். அதை அகற்றிவிட்டுப் பழைய ஏற்பாட்டையே சரிசெய்யுங்கள். தரையில் நின்றபடி பொத்தானை அழுத்த, கியரில் நின்ற வண்டி ஆள்மேல் ஏறிய கதைகள் எல்லா ஊரிலும் உண்டு.

முதல் முறை கிளம்பியதும் எண்ணெய் அழுத்த முள்ளைப் பாருங்கள். பத்து விநாடிக்குள் முள் எழவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள்.

நிறுத்துவது

பின்சக்கரத்தைக் கழற்றுமுன் அச்சின் கீழே கனத்த மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குங்கள்; சிமென்ட் கல் திடீரென்று நொறுங்கும். பிரேக் டிரம்மைத் திறந்தால் பெரும்பாலும் எண்ணெயில் ஊறிய ஷூவைத்தான் காண்பீர்கள்: அச்சு முனையின் சீல் கசிகிறது என்று பொருள். சீலை மாற்றாமல் புது ஷூ போடுவது வீண்செலவு. அதைவிடப் பெரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. அந்தக் காலத்துப் பிரேக், கிளட்ச் பட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். ஒரு காலத்தில் அதை வெட்டியெடுத்து ஏற்றுமதி செய்த நம் நாடே 2008-இல் அதைத் தடை செய்தது. டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றால் ஊதாதீர்கள்; நீர் தெளித்து நனைத்து, ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

இடது, வலது பிரேக்குகள் தனித்தனி. இரண்டும் ஒரே அளவில் பிடிக்கின்றனவா என்று சமதரையில் மெதுவாக ஓட்டிச் சோதியுங்கள். ஒன்று மட்டும் பிடித்தால் சரிவில் வண்டி பக்கவாட்டில் திரும்பும்.

தூக்குவது

ஹாரி ஃபெர்கூசனின் பெயர் நிலைத்ததற்குக் காரணமே பின்புறமுள்ள மூன்று புள்ளி இணைப்புதான். கலப்பை மண்ணில் சிக்கி இழுவை கூடும்போது, மேல் இணைப்புக்கம்பி ஒரு பெரிய சுருள்வில்லை அழுத்தும். அந்த அழுத்தம் ஹைட்ராலிக் வால்வைத் திறந்து கலப்பையைச் சற்றே தூக்கும். கலப்பையின் பாரம் பின்சக்கரத்தின்மேல் ஏறிப் பிடிப்பு கூடும். ஒரு டன்னை ஒட்டிய எடையுள்ள சின்ன வண்டி, தன்னைவிடப் பெரிய வண்டிகளின் வேலையைச் செய்தது இதனால்தான். அந்தச் சுருள்வில்லைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருக்கவே கூடாது. இருந்தால் கலப்பையின் ஆழம் நிலைகொள்ளாது.

கைகள் தூக்கவில்லை என்று புலம்புவோரிடம் நான் முதலில் கேட்பது, பி.டி.ஓ. கம்பியை, அதாவது பின்னால் மாட்டும் கருவிகளைச் சுழற்றும் தண்டை இன்ஜினோடு இணைக்கும் கம்பியை, போட்டீர்களா என்பதே. ஹைட்ராலிக் பம்ப் அந்தத் தண்டிலிருந்துதான் சுற்றுகிறது. கம்பி போடாவிட்டால் பம்ப் தூங்கும். அதேபோல் கிளட்சை மிதித்தாலும் பம்ப் நின்றுவிடும். இது பழுதன்று, வண்டியின் அமைப்பே அப்படி. இவை சரியாக இருந்தும் தூக்கவில்லை என்றால் எண்ணெயைப் பாருங்கள். கியர், பின்அச்சு, ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே எண்ணெய். இருபது லிட்டருக்கு மேல் பிடிக்கும். கியர்க்கம்பியின் அடியிலுள்ள ரப்பர் கிழிந்திருந்தால், திறந்தவெளியில் நின்ற வண்டிக்குள் மழைநீர் அவ்வழியே இறங்கியிருக்கும். வண்டி இரண்டு நாள் அசையாமல் நின்றபின் வடிதிருகை மெல்லத் தளர்த்தினால் முதலில் நீரே வரும். முழுவதையும் வடித்து, டீசல் ஊற்றி அலசி, ரப்பரை மாற்றிய பிறகே புது எண்ணெய் வாங்குங்கள். வெண்கலப் பாகங்களைத் தின்னும் ரசாயனம் கலந்த கனத்த கியர் எண்ணெய் இதற்கு ஆகாது. டிராக்டர்களின் கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் பொதுவானது என்று டப்பாவில் குறித்திருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

புல்வெட்டும் ஸ்லாஷரை மாட்டப்போகிறவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. கிளட்சை மிதித்த பிறகும் சுழலும் கத்தியின் வேகம் பி.டி.ஓ. வழியாகக் கியர்ப்பெட்டிக்குள் வந்து சக்கரத்தை முன்னே தள்ளும். பிரேக்கை மிதித்தாலும் வண்டி வேலிக்குள் போய்த்தான் நிற்கும். தண்டுக்கும் ஸ்லாஷருக்கும் இடையே ஒருவழிச் சுழற்சி இணைப்பு ஒன்றைப் போட்டுவிட்டால் இந்த ஆபத்து இல்லை, விலையும் அதிகமன்று. மரக்கட்டை இழுக்கும்போது சங்கிலியைக் கீழேயுள்ள இழுசட்டத்தில் மட்டுமே மாட்டுங்கள். மேல் இணைப்பில் மாட்டினால் முன்சக்கரம் எழும்பி வண்டி ஓட்டுபவர்மேல் மல்லாந்து விழும். இந்த வண்டிக்கு உருள்காப்புச் சட்டம் எதுவும் கிடையாது.

நாள்தோறும், வாரந்தோறும்

ஸ்டியரிங்கின் இரண்டு இழுகம்பிகள், முன்அச்சுப் புஷ்கள் ஆகியவற்றுக்கு ஓடும் நாளெல்லாம் கிரீஸ் தேவை. பழைய அழுக்குக் கிரீஸ் வெளியே பிதுங்கி, புதிது தெரியும்வரை அடியுங்கள். நம் பக்கத்துக்கே உரிய தொல்லை, வெட்டுப் பருவத்தில் கரும்புச் சருகைக் கொளுத்தும்போது பறக்கும் கருஞ்சாம்பல். ஏர் கிளீனரின் அடிக்கிண்ணத்தில் உள்ள எண்ணெய் அந்தச் சாம்பலைப் பிடித்து இரண்டே நாளில் கூழாகிவிடும். மற்ற ஊர்க் கையேடுகள் சொல்லும் இடைவெளியை நம்பாமல், பக்கத்து வயல் எரிந்த மறுநாளே கிண்ணத்தைக் கழற்றிக் கழுவி, குறியிட்ட அளவுக்குப் புது எண்ணெய் ஊற்றுங்கள். ரேடியேட்டரின் முன்வலையிலும் அதே சாம்பல் அப்பும். பின்புறமிருந்து முன்னோக்கி நீரடித்தால் வெளியேறும். ரேடியேட்டருக்குள் துருத்தடுப்பு கலந்த திரவமே இருக்கட்டும்.

மாதக்கணக்கில் நிறுத்துவதானால் பெட்ரோல் குழாயை மூடி, கார்பரேட்டர் வறளும்வரை இன்ஜினை ஓட்டிவிட்டு, பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள். கிளட்ச் மிதியை அழுத்திய நிலையில் கட்டையால் முட்டுக்கொடுத்து வைத்தால் கடலோர ஈரத்தில் தட்டு ஒட்டிக்கொள்ளாது.

கடைசியாகத் தகரமும் பெயின்டும்

மட்கார்டு, பானெட் முதலிய தகரங்களின் துருவைச் சுரண்டித் தகரத்தை மெலிய வைப்பதைவிட மின்பகுப்பு எளிது. பிளாஸ்டிக் பீப்பாயில் நீர் நிரப்பி, பத்து லிட்டருக்கு இரண்டு கைப்பிடி சலவைச் சோடா கரைத்து, துருப்பிடித்த பாகத்தை உள்ளே தொங்கவிட்டு, பேட்டரி சார்ஜரின் எதிர்முனையை அதனோடும், நேர்முனையை ஓர் இரும்புத் துண்டோடும் இணையுங்கள். இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. ஒரே இரவில் துரு கரும்பசையாகித் துடைத்தால் வந்துவிடும். அந்த நேர்முனைக்கு எவர்சில்வரை மட்டும் பயன்படுத்தாதீர்கள். அதிலுள்ள குரோமியம் கரைந்து நீரை நஞ்சாக்கும். குமிழியாக எழுவது ஹைட்ரஜன், ஆகவே பீப்பாய் திறந்தவெளியில், பீடி சிகரெட்டுக்கு எட்டாத தூரத்தில் இருக்கட்டும்.

பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உலர்ந்த நிலையில் தேய்க்காமல் நீர்த்தாளால் ஈரமாகத் தேய்த்து, அன்றைக்கே துத்தநாகம் கலந்த பிரைமரை இரண்டு பூச்சு கொடுங்கள். உம்ட்லோட்டி, பாலிட்டோ போன்ற கடலை ஒட்டிய இடங்களில் ஒரே இரவு திறந்திருந்தாலும் உப்புக்காற்று செம்பூச்சாகப் பூத்துவிடும். சாம்பல் பெயின்டை ஒரே தடவையில் கனமாக அடிக்காமல், மெல்லிதாக மூன்று முறை அடியுங்கள். அடிக்குமுன் கிரீஸ் நிப்பிள்கள்மேல் ரப்பர் மூடி போடுங்கள். மீட்டர் பலகையிலுள்ள எண் தகட்டின்மேல் டேப்பை ஒட்டி, ஓரத்தை நகத்தால் அழுத்திவிடுங்கள்.